கணவாயில் கழற்றி எறிந்த கெய்ட்டர்

மதிப்பிற்குரிய மச்சான் க்ளைட்டன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நோரீனைக் கட்டிக்கொண்ட ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கே நோரீனும் நாயும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. டென்வரில் உங்கள் கடை நலமாகத்தான் இருக்கும். விற்காத சரக்கையெல்லாம்தான் எனக்கு அனுப்பிவிடுகிறீர்களே.

விஷயம் நீங்கள் அனுப்பிய கெய்ட்டர், அதாவது ஷூவுக்கு மேல் காலைச் சுற்றி மாட்டுகிற அந்த உறை, பற்றியது. கோவேறு கணவாய் மலை ஓட்டப் பந்தயத்துக்கு இந்த வருஷம் நான்தான் கடைசி ஆள் என்று கிளப்பில் முடிவானதும் உங்களுக்குப் போன் செய்தேன். மலை ஏறாமலே மலைச் சாமான் விற்கிறவர் என்பதால் விளக்கமாகவே சொன்னேன். கடைசி ஆள் என்றால் தோற்றவன் இல்லை. ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் பின்னால் நடந்து, வழிகாட்டக் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டு, மலையில் ஒருவரும் தங்கிவிடவில்லை என்று பார்த்துக்கொண்டு இறங்குகிறவன். எனக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. வேலையே அது ஒன்றுதான். இந்த வயதில் இவனை நம்பிக் கொடுப்பதா என்று கிளப்பில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். யாரையாவது விட்டுவிட்டு வந்தால் அடுத்த வருஷம் என்னை ஓரமாக ஜூஸ் கலக்க உட்கார வைத்துவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஜூலையிலும் ஆலங்கட்டி கொட்டுகிற அந்த மேட்டில் விட்டுப்போன ஆள் விடியும்போது உயிரோடு இருக்க மாட்டார்.

அதனால் கணுக்கால் அளவுக்கு, மெல்லிசாக, இழுத்தால் நீள்கிற துணியில் ஒரு ஜோடி போதும், பொடிக்கல் ஷூவுக்குள் விழாமல் இருந்தால் சரி என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அதெல்லாம் கால்ல கட்டுற கைக்குட்டை, ஆர்வில். முழங்கால் வரைக்கும் வர்றதா ஒண்ணு அனுப்புறேன். பாம்பு கொத்தினாலும் அதோட பல்லுதான் உடையும்" என்றீர்கள். அந்த உயரத்தில் பாம்பே கிடையாது, மச்சான்.

ஓட்டத்தன்று காலையிலேயே மானம் போயிற்று. பொரித்த முட்டை, வாத்து, ஒட்டகச்சிவிங்கி என்று படம் போட்ட குட்டிக் குட்டி கெய்ட்டர்களில் எல்லாரும் துள்ளிக்கொண்டு நிற்க, நான் மட்டும் இரண்டு காலிலும் கறுப்புத் தார்ப்பாய் சுற்றிக்கொண்டு நின்றேன். ரேடியோவைக் கவனிக்கிற பெர்னிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்ன ஆர்வில், வட துருவத்துக்குப் போற பஸ்ஸ விட்டுட்டியா?" என்றாள். நாய்கூட என்னோடு நிற்காமல் நோரீன் பக்கம் போய்விட்டது.

மேலே ஏற ஏற உங்கள் சரக்கின் அருமை புரிந்தது. மழை உள்ளே வராத துணியில் வேர்வை மட்டும் வெளியே போகுமா? முழங்காலுக்குக் கீழே குளித்த மாதிரி ஆகிவிட்டது. சரளைக் கல்லில் தேய்ந்து, பாதத்துக்கு அடியில் போகிற பட்டை இடது காலில் அறுந்தது. அப்புறம் அந்தப் பக்கம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கல்லையெல்லாம் வரவேற்றது. இது போதாதென்று ஒரு சத்தம். அடி எடுத்து வைத்தால் துணியும் துணியும் உரசி, சரக், சரக் என்று யாரோ கூடவே வருவது போலக் கேட்கும். ஆள் இல்லாத மலையில் நடந்து பார்த்தால்தான் தெரியும். பல தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சீச்சீ, நம் காலேதான் என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். அதற்குள் மூடுபனி இறங்கி, அடுத்த ரிப்பன்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கணவாயில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே உள்ள ரிப்பனை அவிழ்த்த பிறகு, கடைசி ஆள் மலையின் அந்தப் பக்கம் பார்த்து நின்று, "கடைசி ஆள் இறங்குறேன். யாராச்சும் இருந்தா கூட வாங்க" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். எதற்கென்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பக்கம் ஆட்கள் சுரங்கம் தோண்டிய காலத்திலிருந்தே கூப்பிடுகிறார்கள். பதில் வந்ததும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஷூவைக் கவிழ்த்தேன். கைநிறையக் கல். எனக்கு வந்ததே கோபம்! இரண்டு கெய்ட்டரையும் பிய்த்துக் கழற்றிப் பாறைமேல் எறிந்துவிட்டு, எழுந்து அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினேன்: "கடைசி ஆள் இறங்குறேன்! யாராச்சும் இருந்தா கூட வாங்க! வரும்போது இந்தக் கண்றாவியையும் மாட்டிக்கிட்டு வாங்க!"

கத்திவிட்டு இறங்க ஆரம்பித்தேன். கால் காற்றாட, நிம்மதியாக இருந்தது. முதல் வளைவு திரும்பியதும் கேட்டது.

சரக். சரக்.

குனிந்து என் காலைப் பார்த்தேன். ஷூவுக்கு மேலே வெறும் கால், அவ்வளவுதான். நின்றேன். எனக்குப் பிறகு இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு அதுவும் நின்றது. ரேடியோவை எடுத்தேன்.

"பெர்னிஸ், எனக்குப் பின்னாடி யாராச்சும் இருக்காங்களா?"

"எல்லாரும் வந்து சேந்தாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி. பீன்ஸ் சூப் ஆறுது, சீக்கிரம் வா."

"நல்லாப் பாத்து சொல்லு."

"பாத்தாச்சுப்பா. உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

எனக்குப் பயமாக இருந்தது மச்சான், மறைப்பானேன். ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் ஓடினால் ஒருவரை மலையில் விட்டுவிட்டு வந்ததாக ஆகாதா? நானே கூப்பிட்டுவிட்டு நானே ஓடுவதா? பனியைப் பார்த்து, "மெதுவாவே வாங்க. கல்லு வழுக்கும்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஓடையைத் தாண்டிவிட்டு அக்கரையில் காத்திருந்தேன். தண்ணீர் சலசலத்தது, ஒரு கால், இன்னொரு கால். அப்புறம் மறுபடியும் சரக், சரக். இரண்டு பேருமாக இறங்கினோம்.

ஓட்டம் முடிகிற இடத்தில் கட்டியிருந்த அலங்கார வளைவுக்கு வெளியே நான் நின்றுவிட்டேன். நோரீன் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏன் நின்னுட்டீங்க? உள்ள வாங்க."

"எனக்கு முன்னாடி ஒருத்தர் போகணும், நோரீன். நான் கடைசி ஆளு."

"யாரு? உங்க மூளையா?" என்று சிரித்தாள். சத்தம் சரளையில் ஏறி வந்தது. அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அது என்னைத் தாண்டிப் போனபோது ஈரக் கம்பளி வாடை அடித்தது. நாய் குரைக்காமல் எழுந்து வழி விட்டது. உங்கள் தங்கை ஒரு கிண்ணத்தில் பீன்ஸ் சூப் ஊற்றி மேஜை ஓரம் வைத்து, "உக்காருங்க. ரொம்பத் தூரம் வந்திருப்பீங்க" என்றாள். வந்து சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அடித்த மாட்டு மணியைப் பெர்னிஸ் ஒரு தரம் அடித்தாள். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அதன் பிறகுதான் நான் உள்ளே போனேன்.

ஆகவே மச்சான், எல்லாம் உங்கள் கெய்ட்டரால் வந்த வினை. அந்தச் சனியன்கள் பாறைமேலேயே கிடக்கட்டும், எடுக்க நான் போக மாட்டேன். பதிலுக்கு எனக்குக் கணுக்கால் அளவில் ஒரு ஜோடி அனுப்புங்கள், வாத்துப் படம் போட்டிருந்தால் நல்லது. அதையும் தெருமுனை வரைதான் போடுவேன். இனி மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், ஜூஸ் கலக்கவே போகிறேன்.

அண்ணிக்கு எங்கள் அன்பு. உங்கள் வியாபாரம் பெருகட்டும், நான் இல்லாத திசையில்.

பணிவுள்ள மைத்துனன்,
ஆர்வில்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது நோரீன் வாசலுக்குக் கூப்பிட்டாள். மேலே யாரும் போய் வரவில்லை. ஆனால் கெய்ட்டர் இரண்டையும் துவைத்து எங்கள் வாசல் கம்பியில் காயப் போட்டிருக்கிறது. அறுந்த பட்டையை அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது. கொக்கிகளைக் கடைசித் துளை வரை இறுக்கியிருக்கிறது. எவ்வளவு மெலிந்த காலோ. நோரீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள், நானும்தான். மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். வாத்துப் படம் வேண்டாம். அடுத்த வருஷமும் நான்தான் கடைசி ஆள் என்று பெர்னிஸிடம் சொல்லிவிட்டேன். இதே தார்ப்பாய்ச் சரக்கில், இருப்பதிலேயே சின்ன அளவில், கடையில் உள்ள அத்தனை ஜோடியையும் அனுப்பிவையுங்கள். அந்தப் பக்கம் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ, தெரியவில்லை.