சும்மா போட்ட பந்தல்

திண்டிவனத்தில் பிறந்தவர்களிலேயே, அடுத்தவன் நிம்மதியைப் பார்த்தால் உடம்பெல்லாம் அரிப்பெடுக்கிற ஆள் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் தெரு சாமியானாதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, சாம்பார் வாளி வாடகைக்கு விடுவது தொழில். கார்களைக் கரித்துக்கொட்டுவது வாழ்க்கை.

எங்கள் தெருவில் இரண்டு மாடு எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். அதில் வீட்டுக்கு வீடு கார் வந்துவிட்டது. ஷெட் எவனிடமும் இல்லை. நானும் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி வாசலில் நிறுத்தினேன். அது கண்ணெதிரே நின்றால்தான் எனக்கு உயிர். இல்லாவிட்டால் எலி ஒயரைக் கடிக்கிறது, எவனோ பேட்டரியைக் கழற்றுகிறான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சாமியானாவுக்கு அது பொறுக்காது.

"தெரு ஜனங்க நடக்கறதுக்குய்யா. நீ இன்னாடான்னா தகர டப்பாவப் படுக்க வச்சிக்கினு இருக்கற!"

"வேற எங்கண்ணா வுடறது?"

"ஸ்டேஷன் பக்கம் கிரவுண்டு இருக்குதே, அங்க வுட்டுட்டு நடந்து வா. தொப்பையாவது கொறையும்."

நகராட்சிக்குப் போனார், போலீசுக்குப் போனார். ஒருவரும் சட்டை செய்யவில்லை. அதன் பிறகுதான் அந்தக் குறுக்குப் புத்தி வேலை செய்தது. நம் ஊரில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கிவிடுவோம். இவரிடமோ கொட்டகை நிறையப் பந்தல்.

முதலில் பேத்திக்குக் காதுகுத்து. சரி என்றோம். அடுத்த வாரமே அதே பேத்திக்கு மறுபடியும் காதுகுத்து.

"மொத தபா சரியா குத்தலப்பா."

பிறகு மார்கழியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்.

"கூழு ஆடியிலதானேண்ணா?"

"ஏன், மார்கழியில அம்மாவுக்குப் பசிக்காதா?"

நாங்களும் வெட்கமில்லாமல் சொம்போடு வரிசையில் நின்றோம். கேப்பைக் கூழில் கல் கடிக்கிறது என்று அவரைத் திட்டிக்கொண்டே இரண்டாம் சொம்பும் வாங்கினோம்.

சொல்லக் காரணமெல்லாம் தீர்ந்துபோன ஒரு காலையில், சும்மாவே பந்தல் போட்டுவிட்டார். அதுவும் என் வாசலில், என் காரை உள்ளே வைத்தே. வாழைமரம் இல்லை, பாட்டுச் செட் இல்லை. வெறும் துணியும் நாற்காலி வரிசையும்தான். அப்படி இருந்தால் நம் பக்கத்தில் ஒரே அர்த்தம், சாவு. பந்தலே பிழைப்பாக உள்ள மனிதருக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! நானோ காய்ச்சலில் வெளியே தலைகாட்டி நாளாகியிருந்தது. ஊர் முடிவு செய்துவிட்டது. வந்தவர்கள் காரின் மேல் மாலையை வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தார்கள்.

ஒலக்கூரிலிருந்து என் மச்சான் மார்பில் அடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான்.

"ஐயோ மாமா! காரு வாங்கிக் கண்ணால கூடப் பாத்து முடிக்கலியே, அதுக்குள்ள போய்ட்டியே மாமா!"

நான் போர்வையோடு வெளியே வந்தேன். மச்சான் மயங்கி விழுந்தான்.

"இன்னாண்ணா இது அநியாயம்?" என்று கத்தினேன்.

"நான் பந்தல் மட்டுந்தான்யா போட்டேன். பொணத்த ஜனங்களே சேத்துக்கிச்சி."

சாவு மாலை விழுந்த கார் இனி வாசலில் நிற்கக் கூடாது என்றாள் என் மனைவி. அன்றே அது கிரவுண்டுக்குப் போனது. அடுத்த மாலை தங்கள் காருக்கோ என்று பயந்து தெருக்காரர்களும் பின்னாலேயே ஓட்டிப்போனார்கள். அந்த ஆள் ஜெயித்துவிட்டார். விடிய விடிய எனக்கு எலியும் பேட்டரியும்தான். இனி ஜென்மத்துக்கும் அவரோடு பேச்சில்லை என்று மனைவியிடம் சொல்லியும்விட்டேன்.

மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார்.

"கிரவுண்டாண்ட போய்ட்டு வர்றேன். டயரு நாலும் இருக்குது. பானெட்டத் தட்டிப் பாத்தேன், எலி ஒண்ணும் ஓடல. போய் ஜல்தியா டீயக் குடி, மூஞ்சியப் பாரு."

இடுப்பு விட்டுப்போகும் வரை அந்த மனிதர் தினமும் இதைச் செய்தார். இப்போது கண்டமங்கலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். இங்கே மற்றவர்கள் கார்களெல்லாம் திரும்பி வந்துவிட்டன. அவ்வப்போது போன் செய்வார்.

"தெரு எப்படிய்யா இருக்குது?"

"ஜம்முனு காலியா இருக்குதுண்ணா."

என் வாசல் வரைக்கும் அது பொய்யில்லை. அங்கே நான் இன்னும் என் காரையும் நிறுத்துவதில்லை, வேறு யாரையும் நிறுத்தவிடுவதுமில்லை.