புனித வெலிந்தம்மாள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெலிந்தா ஊர்க் கிணற்றில் விஷம் கலந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீபன்ராஜின் கையிலிருந்து கன்ட்ரோலர் நழுவி மடியில் விழுந்தது.

"அடி சண்டாளி!" என்றான்.

வெலிந்தா வீடியோ கேமில் வருகிற வீராங்கனை. ‘நெருப்புத் தீவு’ முதல் பாகத்தில் தனியொருத்தியாக நின்று ஒரு ஊரையே காப்பாற்றியவள். திண்டுக்கல்லில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஸ்டீபன்ராஜ் மூன்று வருடமாக அவளுக்கு அடிமை. ‘வெலிந்தா படை’ என்ற வாட்ஸ்அப் குழுவுக்குத் தலைவன் வேறு. முந்தின நாள்தான் இரண்டாம் பாகம் வெளிவந்திருந்தது. அதில் முதல் காட்சியிலேயே, தான் காப்பாற்றிய அதே ஊரின் கிணற்றில் ஒரு குப்பியைக் கவிழ்த்துவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டாள். தண்ணீர் குடித்த சனமெல்லாம் சுருண்டு விழுந்தது.

பைசல் போன் செய்தான். குழுவின் செயலாளர் அவன்தான்.

"மச்சான், பாத்தியா அநியாயத்தை? பயலுக கொந்தளிச்சுப் போயிருக்காய்ங்க. குரூப் பேரை ‘வெலிந்தா ஒழிக’ன்னு மாத்தியாச்சு. தலைவரு நீயே இருந்துக்க."

"அது கெடக்கட்டும்டா. எம்புள்ளைக்கு நாளைக்கு அவ பேரைத்தானேடா வைக்கப்போறேன்!"

"மனசைத் தேத்திக்க மச்சான்" என்று பைசல் துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டு வைத்தான்.

மறுநாள் ஞாயிறு. குழந்தைக்கு ஞானஸ்நானம். பெயரை மாற்றுவது பெரிய காரியமில்லை, மாமியார் மட்டும் இல்லாதிருந்தால். புஷ்பமேரி சின்னாளப்பட்டியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்திக்குப் புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர். பெயர் பேசிய அன்றைக்கு ஸ்டீபன்ராஜ் கண்ணிமைக்காமல் சொல்லியிருந்தான்: "வெலிந்தா ஸ்பெயின் தேசத்துப் புனிதை அத்தை. ஏழைக்காகப் பாடுபட்டவங்க." படம் கேட்டபோது, கேமிலிருந்து ஒரு படத்தை எடுத்து, வாளை வெட்டிவிட்டு, தலையைச் சுற்றி ஒளிவட்டமும் போட்டுக் கொடுத்திருந்தான்.

இப்போது தயங்கித் தயங்கி மாமியாரிடம் போனான்.

"அத்தை, வெலிந்தாங்கிற பேரு வாயில நுழையலைன்னு எல்லாரும் சொல்றாங்க..."

"யாரு சொன்னா? தெருவே வெலிந்தம்மா வெலிந்தம்மான்னு பழகிருச்சு. நீங்க சும்மா இருங்க மாப்ள."

"இல்ல அத்தை, அந்தப் புனிதைக்குக் கொஞ்சம் கோவம் சாஸ்தின்னு ஒரு புஸ்தகத்துல போட்டிருக்கு."

"கோவம் இருந்தாத்தான் காரியம் நடக்கும். முழங்கால் வலிக்கு அந்தத் தாய்கிட்டதான் வேண்டிக்கிட்டேன். இப்பப் பாருங்க!" என்று மாடிப்படியில் விறுவிறுவென ஏறி, இறங்கியும் காட்டினார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோபக்காரப் புனிதை என்று மாப்பிள்ளையே சொன்னபிறகு புஷ்பமேரியால் சும்மா இருக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சீரியல் பல்பு சுற்றிக் கூடத்தில் மாட்டிவிட்டார். மூன்று மணிக்குத் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் மெழுகுவர்த்தியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

ஆறுதல் சொல்ல வந்த பைசல் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஏலே, ஊரே அவளைக் காறித் துப்புது. நீ மெழுகுவத்தி ஏத்திக் கும்புடுறியா?"

"பைசலு, நான் சொல்றதைக் கேளுடா..."

அவன் கேட்கவில்லை. தெருமுனை திரும்புவதற்குள் ஸ்டீபன்ராஜைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான்.

வேறு வழி தெரியாமல் ஸ்டீபன்ராஜ் பெரிய பொய்யாக ஒன்றை எடுத்தான். "அத்தை, இப்பத்தான் சேதி வந்துச்சு. ரோமாபுரியில ஆராய்ச்சி பண்ணி, அவங்க பேரைப் புனிதர் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்களாம்."

புஷ்பமேரி மூக்குக் கண்ணாடியை மாட்டினார். முழுநீளத் தாள் ஒன்றை எடுத்தார். "எடுத்துருவாங்களா? அதையும் பாத்துருவோம்!"

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மனு தயார். ‘புனித வெலிந்தம்மாளுக்கு இழைக்கப்பட்ட அநீதி’ என்று தலைப்பு. கீழே நாற்பத்தொரு கையெழுத்து. ஞானஸ்நானம் முடிந்த கையோடு பங்குச்சாமியாரிடம் கொடுத்து, ஆயருக்கு அனுப்பச் சொல்வதாக ஏற்பாடு.

ஸ்டீபன்ராஜ் தன் மனைவி நான்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் குழந்தையைத் தோளில் போட்டபடி முழுவதையும் கேட்டாள்.

"பொய் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப எங்கம்மாகிட்டச் சொல்ல வேண்டியதும் நீங்கதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கோயில் அலுவலகத்தில், வயதான ஜெசிந்தா சிஸ்டர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "குழந்தை பேரு?" என்றார். புஷ்பமேரி பெருமையாகக் கைப்பையிலிருந்து மனுவை உருவினார். ஸ்டீபன்ராஜ் குறுக்கே பாய்ந்தான்.

"அத்தை, மன்னிச்சிருங்க. அவ புனிதை இல்ல. வீடியோ கேம்ல வார பொம்பளை."

நான்சி குழந்தையின் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். புஷ்பமேரி முதலில் தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். மனுவை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தார்.

கடைசியில், "அப்ப என் பேரையே வைங்க" என்றார். "இதையாச்சும் யாரும் பட்டியல்ல இருந்து எடுக்க முடியாது."

மகள் பெயர் புஷ்பமேரி. இனி அவளை ஒரு வார்த்தை அதட்டினாலும், மாமியாரை அதட்டுகிறான் என்றுதான் தெரு முழுக்கப் பேசும். இருந்தாலும் அந்தத் துரோகியின் பெயருக்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டான். சிஸ்டர் அழிக்க முடியாத மையில் முத்து முத்தாக எழுதினார். அவன் கையெழுத்துப் போட்டான். சாமியார் தண்ணீர் ஊற்றினார், குழந்தை வீறிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

சான்றிதழ் வாங்கப் போனபோது சிஸ்டர் மெதுவாகக் கேட்டார். "வெலிந்தா நல்ல பேராச்சே தம்பி. ஏன் மாத்துனீங்க?"

"ஊர்க் கிணத்துலயே விஷத்தைக் கலந்துட்டா சிஸ்டர். எனக்கு மனசு விட்டுப்போச்சு."

சிஸ்டர் கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அட, அது கொள்ளைநோய்க்கு மருந்து தம்பி! விழுந்த சனம் பூராவும் ஆறாவது கட்டத்துல எந்திரிச்சு வந்து அவ கால்ல விழுகுமே, நீங்க அம்புட்டுத் தூரம் போகலையா?"