மேற்படி ஏசி

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு, தையல் அறையில் ஒரு ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு அவர் சபதம் செய்தார்.

"அந்தக் காண்ட்ராக்டரை நான் விடப்போறதில்லை!"

அவருக்கு வலது முட்டியில் வலி. அந்தக் காலைத் தூக்கித்தான் வைத்திருந்தார். ஆக, ஒற்றைக் காலில் நின்றார் என்று இங்கே சொன்னால் அது பேச்சுக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே நின்றார்.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, "சபதத்தை இறங்கி வந்து பண்ணுங்க. ஸ்டூல் ஆடுது" என்றாள்.

அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருந்தார். "மேற்படி தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதி எழுதி, ஆபீசில் அவருக்கு மேற்படியார் என்றே பெயர் வந்துவிட்டது. யாராவது வந்து கண்ணைக் கசக்கினால், "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்" என்பார். அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் முதல் தடவையாக மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்?

விவகாரம் அவர் தலைக்கு மேலே சுவரில் இருந்தது. ஏசி மாட்டி ஏழு வாரம்தான் ஆகிறது. ரிமோட் பதினெட்டு என்று சொல்லும். அறை முப்பத்திநாலு என்று சொல்லும். காற்று வரும், குளிர் வராது. ஓரத்தில் மட்டும் தண்ணீர் சொட்டும். ஏசியும் தண்ணி காட்டியது, மாட்டிய காண்ட்ராக்டரும் தண்ணி காட்டினார்.

காண்ட்ராக்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. லைசென்ஸ் உள்ளவர். அதை வாக்கியத்துக்கு ஒரு தடவை சொல்லிவிடுவார். அதனால் வீட்டில் அவர் பெயரே லைசென்ஸ். மூன்று முறை வந்துபோனார். முதல் முறை ஃபில்டரைக் கழுவினார். இரண்டாம் முறை காஸ் அடைத்தார். மூன்றாம் முறை ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிவிட்டு, "இப்ப பாருங்க!" என்றார். பார்த்தார்கள். பதினெட்டு என்ற எண் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கியதும் மேற்படியார் போனை எடுத்து லைசென்சைக் கூப்பிட்டார்.

"சார், மெஷின்ல ஒரு குறையும் இல்லை. உங்க ரூம்லதான் சூடு."

"சூடு இருக்குன்னுதானேய்யா ஏசி வாங்கினேன்!"

"நீங்க கொஞ்சம் சூட்டைக் குறைச்சீங்கன்னா அது தானாக் குளிரும் சார்."

"சூட்டை நானே குறைக்கணும்னா நீங்க எதுக்கு?"

"நான் லைசென்ஸ் உள்ளவன் சார்."

"உங்களுக்குச் சூடு சொரணை ஏதாவது இருக்கா?"

"நம்ம வீட்ல நல்ல ஏசி சார். சூடே கிடையாது."

மேற்படியார் போனைக் காதிலிருந்து எடுத்து முறைத்தார். "நாளைக்கு ஆளோட வரட்டுமா சார்?" என்றது போன்.

"வரக் கூடாது! இனிமே என் வீட்டுப் படி ஏறக் கூடாது. இனி எல்லாம் எழுத்துல!"

போனை வைத்தார். "ஏசி குளிர் விட மாட்டேங்குது, அந்த ஆளுக்கு மட்டும் குளிர் விட்டுப் போச்சு" என்று பல்லைக் கடித்தார்.

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் மேடை நாடகங்களுக்கு உடை தைப்பவள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. நாற்பது பிள்ளைகள் கடல் அலைகளாக வருகிறார்கள். நாற்பது அலைக்கும் வெளிர்நீல சாட்டின். அந்தச் சாட்டினில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் போதும், அலைக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். இதுவரை ஐந்து அலைகள் வீணாகியிருந்தன. பள்ளிக்கூடத்து டீச்சர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு வரேன்னுதானே சொல்றாரு? நான் ஒரு தடவை பேசிப் பாக்கட்டுமா?"

"பேச்சே கூடாது. மேற்படி ஏசி இப்ப நம்ம சாட்சி. சாட்சியை யாரும் தொடக் கூடாது. லைசென்ஸ் கொடுத்த வாரியத்துக்கே எழுதப் போறேன். அதிகாரி வந்து கண்ணால பாக்கற வரைக்கும் அது இப்படியேதான் இருக்கணும்."

"எனக்கு வேர்க்குதேங்க."

"வேர்க்கட்டும். அதுவும் சாட்சிதான்."

"எனக்கு நியாயமெல்லாம் வேணாங்க. குளிர் போதும்."

"நியாயம் கிடைச்சா குளிர் தானா வரும்" என்றார் மேற்படியார். சொன்னபோது அது அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. இன்னொரு தடவை சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு கோப்பு வளர ஆரம்பித்தது. பிள்ளை வளர்வதுபோல வளர்ந்தது. ஏசி சொட்டும் தண்ணீரை ஒரு குவளையில் பிடித்து அளந்தார். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டினார். தான் ஆபீசில் இருக்கும்போது மணிக்கு ஒரு தடவை உஷ்ணத்தைக் குறித்து வைக்க மனைவிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "எழுதிக் கொடு" என்று கையை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் புகார் தயாராகிவிட்டது. பதினோரு பக்கம். வாரியத்துக்கு ஒன்று, காண்ட்ராக்டருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று. நாலு நகல். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் கையெழுத்து. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர் போடப் போட, மனைவி பக்கத்தில் நின்று புரட்டிக் கொடுத்தாள்.

"இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. இதுல ஓரத்துல."

"மேற்படியை எத்தனை இடத்துல போட்டிருக்கேன் தெரியுமா? அறுபத்து மூணு இடத்துல!"

"பிரமாதங்க. இங்க ஒண்ணு."

"ஏழாம் பக்கத்தைப் படிச்சா அந்த ஆளுக்கு நாக்கு வறண்டுடும்."

"பாவம். இங்க ஒண்ணு."

இருபது கையெழுத்துக்குமேல் அவர் பேப்பரைப் பார்க்கவே இல்லை. மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏழாம் பக்கத்தை ஒப்பித்தார். மனைவி இவ்வளவு ஆசையாகக் கேட்டு அவர் பார்த்ததில்லை. ஒரு கட்டத்தில் அவர் கண் கலங்கக்கூடச் செய்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் போகும் வழியில் தன் கையாலேயே வாரியத்துக்குத் தபாலில் சேர்த்தார். "காண்ட்ராக்டருக்கு உள்ளதை நான் அனுப்பிடறேன்" என்று மனைவி சொல்லியிருந்தாள்.

அடுத்த பத்து நாளும் அவருக்குப் பொற்காலம். வீட்டுக்கு வந்ததும் நோட்டைத்தான் பிரிப்பார். பத்து மணிக்கு முப்பத்திநாலு. பதினொன்றுக்கு முப்பத்தைந்து. ஒரு மணிக்கு முப்பத்தாறு! லாட்டரி விழுந்தவர்போலச் சிரிப்பார். தையல் அறைக்குள் எட்டிப் பார்க்கப் போனால், "உள்ள வராதீங்க, தரை பூரா துணி விரிச்சு ஊசி குத்தி வெச்சிருக்கேன்" என்று கதவைச் சாத்தினாள் மனைவி. சரிதான் என்று திரும்பினார். வேலை மும்முரம். நடுவில் அவளுக்கு ஜலதோஷம் வந்தது. தும்மிக்கொண்டே இருந்தாள். மேற்படியார் உடனே கோப்பை எடுத்து, "மிதமிஞ்சிய உஷ்ணத்தால் மனைவிக்கு ஜலதோஷம்" என்று சேர்த்தார்.

வாரியத்திலிருந்து பதில் வந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வாளர் வருகிறார். அதைக் கேட்டதும் மனைவி கொஞ்சம் வெளிறினாள்.

"ஏங்க, ஒரு விஷயம் சொல்லணும்."

"எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தாள். அவர் வாங்கி, துளை போட்டு, 'இணைப்பு ஒன்பது' என்று மேலே எழுதிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். சேர்க்கிற அவசரத்தில் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. மேற்படியார் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். ஆய்வாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி; கையில் பை, பையில் கருவி. பின்னாலேயே லைசென்சும் வந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்ஸ்.

"உள்ள போனதும் கொஞ்சம் ஜாக்கிரதை மேடம், மயக்கம் வந்துடப் போகுது" என்று எச்சரித்துவிட்டு மேற்படியார் கதவைத் திறந்தார்.

ஜில்லென்று ஒரு காற்று வந்து முகத்தில் அறைந்தது.

அறைக்குள் சொர்க்கம் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கம்பியில் நாற்பது நீல அலைகள் வரிசையாகத் தொங்கி மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. ஆய்வாளர் கருவியை நீட்டிப் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு" என்றார். பிறகு புடவைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இது... இது சதி மேடம்! நோட்டைப் பாருங்க. இன்னிக்குக் காலைல பத்து மணிக்குக்கூட முப்பத்திநாலு!"

ஆய்வாளர் மனைவியைப் பார்த்தார். "இதை எங்கம்மா பார்த்து எழுதினீங்க?"

"தெர்மாமீட்டரை வாசல்ல வெச்சுப் பார்த்து மேடம். உஷ்ணத்தை எழுதுன்னுதான் சொன்னாரு. எந்த இடத்து உஷ்ணம்னு சொல்லலை."

லைசென்ஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "பத்து நாளைக்கு முன்னாடியே பழைய ஏசியைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டியாச்சு மேடம். முழுத் திருப்தி, மேற்கொண்டு புகார் இல்லைன்னு சாரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு."

மேற்படியார் பார்த்தார். அவர் கையெழுத்துதான். கடைசி எழுத்தின் வால்கூட அவர் வால்தான்.

"உங்க கையெழுத்துதானே சார்?" என்றார் ஆய்வாளர்.

படிக்காமல் போட்டேன் என்று சொல்லலாம். இருபத்திரண்டு வருஷமாக அந்த வார்த்தையைச் சொன்ன அத்தனை பேர் முகமும் அவர் கண்முன் வந்து நின்றது.

"என்... என்னோடதுதான்."

"படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

"வரி விடாம" என்றார் மேற்படியார், தலை குனியாமல்.

"அப்புறம் எதுக்கு சார் என்னை வரவழைச்சீங்க?" ஆய்வாளர் கோப்பைப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார்: "இணைப்பு ஒன்பது. 'ஏசியை மாத்தியாச்சு. ஜில்லுன்னு இருக்கு. அதிகாரியை வர வேணாம்னு சொல்லிடுங்க. கோவிச்சுக்காதீங்க.'"

லைசென்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது.

அவர்கள் போன பிறகு மேற்படியார் அந்தக் குளிரிலேயே உட்கார்ந்தார்.

"என்ன சொல்லி மசிய வெச்சே அந்த ஆளை?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. வரச் சொல்லி உங்க பதினோரு பக்கத்தைக் கையில கொடுத்தேன். நாலாம் பக்கம் வரைக்கும் படிச்சாரு. 'அம்மா, வாரியத்துக்கு எத்தனை பக்கத்துல பதில் எழுதணும்?'னு கேட்டாரு. நீங்க ஒண்ணு எழுதினா அவரு ஒண்ணு எழுதணும், அதுக்கு இன்னும் பெருசா நீங்க எழுதுவீங்கன்னேன். அப்படியே கும்பிட்டுட்டாரு. 'இன்னிக்கே புதுசு மாட்டறேன், மிச்சத்தைப் படிக்க மட்டும் சொல்லாதீங்க'ன்னாரு. உங்க எழுத்துதாங்க ஜெயிச்சுது."

மேற்படியார் அதை யோசித்தார். உண்மைதான் என்று தோன்றியது. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"இருந்தாலும் என்னை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினது தப்பு. இனிமே எந்தக் காகிதமா இருந்தாலும் மூணு தடவை படிக்காம போட மாட்டேன். இது உறுதி."

"நல்லதுங்க. ஆனா பதினோரு பக்கம், நாலு நகல். எத்தனை கையெழுத்து?"

"நாற்பத்திநாலு."

"நீங்க போட்டது நாற்பத்தாறு."

அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணு லைசென்ஸ்கிட்ட போச்சு. இன்னொண்ணு?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவருடைய மேனேஜர். குரலில் அப்படி ஒரு கரிசனம்.

"உங்க லீவ் லெட்டர் சாங்ஷன் ஆயிடுச்சு. திங்கட்கிழமைல இருந்து நிம்மதியா வீட்ல இருங்க. பெண்சாதிக்கு இப்படி ஒத்தாசை பண்ற ஆளை நான் பார்த்ததே இல்லை!"

போனை வைத்துவிட்டு அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாள் லீவு கேட்டிருக்கேன் நான்?"

ஒரு அலைக்குப் பன்னிரண்டு பட்டன். நாற்பது அலை. மனைவி பட்டன் டப்பாவைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"தைச்சு முடிக்கிற வரைக்கும்."