ஞானத்தாய் குளிக்காமல் போன கதை

நட்சத்திரங்களுக்கு நடுவே மினுங்கும் ஒளிப்புகையை ராத்திரி ராத்திரியாகப் படம்பிடிக்கும் விண்மேகப் படக்காரர் என்று ஒரு பிராணி உண்டு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், வானத்தில் மேகம் கவிந்திருந்தால்தான் வருவார். வந்தாலும் சும்மா இருப்பாரா? கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளைக் கறை விழுந்த ஒரு படத்தை நீட்டி, "இன்னா தெர்து, சொல்லு?" என்பார். சுண்ணாம்பு என்று சொல்லிவிடாதீர்கள். அன்றோடு சிநேகிதம் முறிந்தது.

காக்களூர்ப் பட்டறையில் கடைசல் பிடித்த ஆசீர்வாதம் இந்த இனத்தில் அசல். எழுபத்துமூன்றாம் வருஷத்துத் தைப்பனியில், தானே தேய்த்த கண்ணாடியால் ஒரு தொலைநோக்கி செய்து, அதன் முதுகில் பழைய கேமராவைக் கட்டி, வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே மினுங்கும் ஒளிப்புகையைக் குறிவைத்து, தும்மினால் படம் ஆடிவிடுமே என்று தும்மலை விழுங்கிக்கொண்டு, நட்சத்திரம் நகர நகர, இருபது நிமிஷம் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். சிக்கிவிட்டது! இனிப் படத்தைக் காகிதத்தில் ஏற்ற இருட்டறை வேண்டுமே? வீட்டில் கதவு ஒழுங்காகச் சாத்தும் அறை ஒன்றுதான். குளியலறை.

மறுநாள் ஞாயிறு. மனைவி விக்டோரியாவின் தம்பி ஜோசப்பின் குழந்தைக்கு ஞானஸ்நானம். விக்டோரியாதான் ஞானத்தாய்.

"யோவ், வெளிய வர்றியா, கதவ ஒடைக்கட்டா?"

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. சிவப்பு விளக்கின் கீழே ஆசீர்வாதம் அழாத குறையாக நின்றார்.

"மூணு காகிதம் பாழாப்போச்சி. ஒண்ணுதான் மிச்சம். நடுவுல வெள்ளையா வெந்து பூடுது. அங்க மட்டும் வெளிச்சம் ஜாஸ்தி வுழணும். என் வெரலு தடி. நீ வெளிச்சத்துக்குக் குறுக்க ரெண்டு கையும் குவிச்சி, மொளகு அளவு ஓட்ட வுட்டுப் புடியேன்!"

"இன்னா பேஜாரு இது!" என்றாள். கைகள் என்னவோ குவிந்துவிட்டன.

காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சிறகு. இன்னொரு சிறகு. வெந்துபோன நடுவயிற்றில் கடுகு கடுகாக நாலு நட்சத்திரம்! விக்டோரியா தட்டின்மேல் குனிந்துவிட்டாள்.

"அக்கா! சாமியார் வந்துட்டாரு! புள்ள கத்துது!" ஜோசப் வெளியே கதவை இடித்தான்.

"இர்றா! இன்னும் அஞ்சி நிமிஷம் ஊறணும்!"

சொன்னது ஆசீர்வாதம் அல்ல. அவரே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். குழந்தையை ஏந்திய கையில் மருந்து நாற்றம். சாமியார் மூக்கைச் சுளித்தார். பின்னாலேயே ஓடிவந்த ஆசீர்வாதம் கையில் ஏந்தியிருந்த ஈரப் படத்தை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பூவம்மாள், "கொயந்தைக்கு எக்ஸ்ரே எட்த்தாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். ஆசீர்வாதம் வாயைத் திறப்பதற்குள், ஜெபத்துக்கு நடுவே விக்டோரியா கத்தினாள்: "எக்ஸ்ரே இல்லக்கா! நட்சத்திரம் பொறக்குற எடம்! நாந்தான் கைய குவிச்சிப் புடிச்சேன்!"

சாமியார் ஜெபத்தை நிறுத்தினார். "எங்கே, அந்தப் படத்தை இங்கே கொண்டாம்மா" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், 'அந்தப் படத்தை எனக்கும் ஒருதரம் காட்டுங்களேன்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டதோ? அப்படியானால் உங்களுக்கும் தொற்றிக்கொண்டது, வைத்தியர் பிரயோசனப்படமாட்டார். விசேஷ நாட்களில் மட்டும் முதல் ஆளாகக் குளித்துவிடுங்கள்.