தம்புரா தெரியுமா?

பெருமைக்குச் சொன்ன பொய்யைவிட, பெருமையோடு சொன்ன உண்மைதான் மனிதனைக் கூடுதலாகக் கவிழ்க்கும். நான் கவிழ்ந்த இடம் மேற்கு ரொறன்ரோவில், குரோஷியர்களின் தேவாலய மண்டபம். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அறிவு வரவேண்டிய வயதுதான். வழியில் எங்கோ தாமதம்.

இவான், பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் என்னோடு வேலை செய்த குரோஷியன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கவலையோடு வந்தான்.

"உனக்குத் தம்புரா தெரியுமா?"

(அவன் கேட்டது ஆங்கிலத்தில். என் காதில் விழுந்தது தமிழில்.)

"என்ன கதை? என்ரை மனுசியின்ரை கச்சேரிக்கெல்லாம் நான்தான் தம்புரா. பதினைஞ்சு வருசம்!"

அது உண்மை. சுகந்தி பாடுவாள், நான் பின்னால் இருந்து நாலு கம்பியையும் மாறி மாறி மீட்டுவேன். விரலால் அமத்துகிற வேலையே கிடையாது. எந்த ராகமானாலும் எனக்கு ஒன்றுதான்.

இவான் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டான். அந்த மண்டபத்தில் தம்புரா வகுப்பைத் தொடங்கியவர் அவனுடைய அப்பாவாம். அவர் காலமாகி ஒரு வருசம். வகுப்பின் வரலாற்றைச் சொல்லும் விழாவில் அவருடைய வாத்தியமும் ஒலிக்கவேண்டும் என்பது தாயின் ஆசை. வாசிக்க இருந்த மச்சான் கையை முறித்துக்கொண்டான்.

"அம்மா முன்வரிசையிலை இருப்பா. அப்பான்ரை தம்புரா சும்மா இருக்கக்கூடாது."

"சும்மா இராது," என்று வாக்குக் கொடுத்தேன். (வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.) ஒத்திகைக்கு வரச் சொன்னான். தம்புராவுக்கு என்ன ஒத்திகை என்று சிரித்தேன்.

விழாவன்று பனி கொட்டியது. வேட்டி சால்வையோடு நான் சுகந்தியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர, இருபது பேர் மேடையில் கதிரைகளில் இருந்தார்கள். வெறுங்கதிரை ஒன்றில் கித்தார் போல ஒரு சாமான்.

"தம்புரா எங்கை?"

"உதுதான். எங்கடை ஊரிலை உதுக்குப் பேர் தம்புரா," என்றான் இவான்.

கழுத்து முழுக்க வீணைபோல மெட்டுகள். எனக்கு வேர்த்துவிட்டது. உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். முன்வரிசையில் கறுப்பு உடுப்போடு இருந்த இவானின் தாய் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

தெரிந்ததைச் செய்வோம் என்று சப்பாத்தைக் கழற்றி, நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வாத்தியத்தை நிமிர்த்தித் தோளில் சாத்தினேன். தம்புராக்காரனுக்கு ஒரே சட்டம்: எல்லோருக்கும் முன்னால் தொடங்கு, எல்லோருக்கும் பின்னால் நிறுத்து. தொடங்கினேன்.

அப்போதுதான், வகுப்பை நடத்தும் ஆசிரியை மாரியா வரலாறு சொல்ல மைக்கைப் பிடித்திருந்தார். தங்கள் ஊரில் ஆதியில் புத்தகம் கிடையாது, பக்கத்தில் இருப்பவரின் விரலைப் பார்த்தே பழகினார்கள் என்றார். டொய்ங். பிறகு குழுக்கள் வந்தன, பாடப்புத்தகங்கள் வந்தன. டொய்ங். கனடா வந்தவர்கள் வேலை முடிந்த கையோடு இந்த மண்டபத்தில் கூடிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். டொய்ங், டொய்ங்.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ!" சபையில் இருந்து சுகந்தி வாயசைத்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துப் பலமாக மீட்டினேன்.

மாரியா திரும்பினார். இவானின் முகத்தில் ரத்தம் இல்லை.

"பிழையில்லை," என்றார் மாரியா சபைக்கு. "அவர் எங்களுக்கு முன்னாலை தொடங்கிட்டார்."

சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "இவானின்ரை அப்பாவும் இப்பிடித்தான் பழக்கினவர். முதல் மாதம் விரல் வைக்கவே விடமாட்டார். வெறுங்கம்பியிலை தாளம் பிடிக்கவேணும்."

பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "என்ரை கால் தட்டுறதைப் பாத்து அடியுங்கோ. நான் கைகாட்டினா விடுங்கோ," என்றார். இருபது பேரும் எழுப்பிய பாட்டுக்குள் நான் அவருடைய சப்பாத்தையே பார்த்து அடித்தேன். என்னைவிடப் பத்து வயது இளைய அந்தப் பெண், நூறு பேருக்கு முன்னால், என் மானம் போகாமல் எனக்குப் பாடம் நடத்தினார். அப்படி ஒரு வாத்தியாரை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

முடிந்ததும் இவானின் தாய் என் கையைப் பிடித்து அழுதபடி ஏதோ சொன்னார். இவான் மொழிபெயர்த்தான்: "நிலத்திலை இருக்கிறவையை அப்பா வகுப்பிலையே சேர்த்திருக்கமாட்டாராம். ஆனா அவவுக்குச் சந்தோசமாம்."

மாரியாவின் வசனத்தை என் வீட்டார் அன்றே எடுத்துக்கொண்டார்கள். விருந்தில் நான் முதல் ஆளாகச் சாப்பாட்டுக் கோப்பையில் கைவைத்தாலும் அதுதான், பேச்சு முடியமுன் கைதட்டினாலும் அதுதான். போன வருசம் ஸ்காபரோவில் மகளின் கலியாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கமுன்னமே நான் விம்மத் தொடங்கிவிட்டேன். சனம் திரும்பிப் பார்த்தது. சுகந்தி என் சால்வை நுனியால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, சம்பந்திகளுக்குச் சொன்னாள்:

"பிழையில்லை. அவர் எங்களுக்கு முன்னாலை தொடங்கிட்டார்."