நீலனுக்கு ஒரு தொட்டி

மீன் மறுபடியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. உத்தமன் கண்ணாடியில் மூக்கு படும்படி உட்கார்ந்து, "நீலா, எழுந்திருப்பா" என்று கெஞ்சினான். நீலன் ஒரு கண்ணால் அவனைப் பார்த்துவிட்டு அப்படியே கிடந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த லேத் பட்டறையில் வருடா வருடம் ஆயுத பூஜைக்குக் குலுக்கல் போடுவார்கள். அந்த வருடம் மற்றவர்களுக்கு எவர்சில்வர் தூக்கும் பிளாஸ்க்கும் விழ, உத்தமனுக்கு விழுந்தது ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு ஃபைட்டர் மீன். நல்ல நீலம். பட்டுப்புடவை முந்தானை மாதிரி வால். பாவம், இதற்கு ஒரு தொட்டி பார்ப்போம் என்று கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்து வண்ணமீன் கடைக்குப் போனான். அங்கே கல்லாவில் புஷ்பா உட்கார்ந்திருந்தாள். அதோடு ஆளின் கதை முடிந்தது.

உத்தமன் லேத்தில் ஒரு நூல் பிசகாமல் கடைவான். ஆனால் ஒரு பெண்ணிடம் மணி என்ன என்று கேட்கத் தைரியம் கிடையாது. மீன் இருக்கிறவரை அந்தக் கடைக்குப் போகலாம், மீன் போய்விட்டால் போக ஒரு சாக்கும் இல்லை. தை பிறந்ததும் பெண் பார்க்கக் கிளம்புவதாக வேப்பம்பட்டிலிருந்து அம்மா வேறு சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே, அதுவரைக்கும் நீலன் உயிரோடு இருக்க வேண்டும், அதற்குள் உத்தமன் வாயைத் திறக்க வேண்டும். இரண்டுமே நடக்கிற மாதிரி தெரியவில்லை.

முதல் நாள் புஷ்பா பாட்டிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், எங்கே வேலை, எங்கே ரூம் என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ரயிலைப் பார்த்தபடி, "ஒசரமான தொட்டியா வாங்குங்க. தண்ணி கழுத்து வரைக்கும் நிக்கணும்" என்றாள்.

பட்டறைக்காரனிடம் அளவு சொல்லிவிட்டால் அது வேதவாக்கு. டிராயிங் தப்பாக இருக்கும் என்று அவர்கள் நினைப்பதே இல்லை. தப்பு எப்போதும் கடைந்தவன் கையில்தான். உத்தமன் இடுப்புயரத் தொட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடியேறினான். ஃபைட்டர் மீன் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கினால்தான் பிழைக்கும். நீலன் மேலே வந்தது, இறங்கியது, மறுபடி வந்தது. சாயங்காலத்துக்குள் மாடிப்படி ஏறிய மாமியார் மாதிரி மூச்சு வாங்கி, அடியில் படுத்துவிட்டது.

திரும்பவும் கடை. புஷ்பா யோசித்து, காற்று மோட்டார் வைக்கச் சொன்னாள், பெரியதாகவே.

மோட்டார் போட்டதும் தொட்டி முழுக்க முத்து முத்தாகக் குமிழிகள். உத்தமன் சோற்றுத்தட்டை மடியில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குமிழியிலும் புஷ்பா இருந்தாள். ஒன்றில் ஜடையைப் பின்னால் தள்ளினாள், ஒன்றில் மீனுக்குத் தீனி போட்டாள், மேலே போய் உடைவதற்குள் இன்னொன்றில் அவனைப் பார்த்துச் சிரித்தாள். சோறு ஆறிப்போனது. நடுவில் நீலன் பொருட்காட்சி ராட்டினத்தில் மாட்டிக்கொண்டவனைப்போல் சுற்றிச் சுற்றி வந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

கவனித்ததும் கடைக்கு ஓடினான். ஒண்டியாக இருக்கிறதல்லவா, ஏக்கம் என்றாள் புஷ்பா. பின்னால் ஒரு கண்ணாடி வைத்தால் ஜோடி இருப்பதாக நினைத்துக்கொள்ளுமாம். ஏக்கம் என்ற வார்த்தையை அவள் வாயால் கேட்ட மயக்கத்தில் உத்தமன் ரூமுக்குப் போக பஸ் ஏறி, இறங்க மறந்து, பூந்தமல்லி வரைக்கும் போய்த் திரும்பி வந்தான்.

ரூமில் இருந்ததே ஒரு கண்ணாடி, கூட இருந்த ஜெயராமன் சவரம் செய்யும் கண்ணாடி. அது தொட்டிக்குப் பின்னால் போயிற்று. நீலன் தன்னையே எதிராளி என்று நினைத்து, செவுளை விரித்துக்கொண்டு நாள் முழுக்க முட்டியது. உள்ளே இருந்தது ஜோடி இல்லை என்று அதற்காவது தெரிந்தது.

கடைசியாகப் போனபோது, "மூடிய எடுத்துடுங்க, மூச்சு முட்டுது போலக்கீது" என்றாள் புஷ்பா. சிரிக்கவில்லை. அவன் படியிறங்கிய பிறகு, "நாளைக்கு எப்டிகீதுன்னு வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஜெயராமன் தொட்டிக்கு முன்னால் குந்தி, தண்ணீரைத் தாண்டித் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தான். அந்த மீசையில் நீலன் என்ன கண்டதோ, எகிறிப் பாய்ந்தது. அவன் மூக்கில் மோதி, முகம் கழுவ வைத்திருந்த சொம்பில் விழுந்தது. கத்தி வேறு பாதையில் போனதில் பாதி மீசை காணாமல் போயிற்று.

"மச்சான்," என்றான் ஜெயராமன் நிதானமாக. "இந்த ரூம்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

உத்தமன் சொம்புக்குள் எட்டிப் பார்த்தான். நீலனின் வால் ஓரம் கிழிந்திருந்தது. உள்ளங்கை அளவு உயிரைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவனை எந்தப் பெண் நம்புவாள் என்று தோன்றியதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நம்மிடம் இருந்தால் இது செத்துப்போகும், அவளிடம் கொடுத்துவிட்டால் பிழைக்கும். அதற்குப் பிறகு கடைக்குப் போக முடியாது, போகட்டும்.

ஷிப்ட் முடிந்து சொம்போடு ஏரிக்கரை வழியாக நடந்தான். ஏரி முழுக்க வானம் இறங்கிக் கிடந்தது. நீலனை இதில் விட்டால் எது மீன், எது மேகம் என்று தெரியாது. ஒரு நிமிடம் நின்று, புஷ்பாவும் தானும் அந்தக் கரையில் பேசிக்கொண்டே போவதாக நினைத்துப் பார்த்தான். அதில்கூட அவள்தான் பேசினாள், இவன் தலையாட்டினான்.

கடையில் புஷ்பா இல்லை. அவள் அப்பா செங்கல்வராயன் உட்கார்ந்திருந்தார். தினமும் வெளியூர்க் கடைகளுக்கு மீன் போட்டுவிட்டு இருட்டிய பிறகே திரும்புகிறவர், அன்றைக்கு ஊரிலேயே இருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

உத்தமன் சொம்பை அவர் முன்னால் வைத்து, மீனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். காரணம் கேட்டார். உயரத் தொட்டி, மோட்டார், கண்ணாடி, மூடி எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"இதெல்லாம் யாரு தம்பி சொன்னது உங்களுக்கு?"

உத்தமனுக்குக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "நானாதான் செஞ்சேன்" என்றான். ஆனால் அவன் கண், கேட்காமல், வீட்டுக்குப் போகும் திரைச்சீலைப் பக்கம் போய்விட்டது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

செங்கல்வராயன் திரைச்சீலையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். சொம்பை எடுத்து மெல்ல அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஒசரம் வேணாம், மோட்டாரு வேணாம், கண்ணாடி காட்டாதீங்க, மூடிய தொறக்காதீங்கன்னு வர்றவங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புறதே எம் பொண்ணுதான், உங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு மாத்திச் சொல்லிச்சின்னு, ஊட்டுப் பெரியவங்கள இட்டுகினு வந்து கேளுங்க தம்பி."