முள்ளம்பன்றி வாங்கிய இரண்டு வாய்ப் பெட்டி

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி தோற்றுக்கொண்டே வாழ்ந்து வந்தது. அதன் பெயர் இருளாண்டி. தண்ணீர்த் துறை மறியலில் தோற்றது. தேன்கூட்டு வரி எதிர்ப்பில் தோற்றது. சிங்கத்தின் பிறந்தநாளன்று மான்கள் தாங்களாகவே வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தது. மூன்றாம் நாள் மான்களே வந்து, "வரிசையை மறைக்காதீங்க தோழரே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பட்டினி கிடங்க" என்றன.

இத்தனைக்கும் நடுவில் இருளாண்டி ஒரே ஒரு முறை ஜெயித்தது. அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டுதான் இருபது வருடமாக முதுகு நிமிர்ந்து நடந்தது.

நடந்தது இதுதான். அந்தக் காட்டில் கடை வைத்திருந்த கரடி மாதப்பன் ஒருநாள் வீடியோ பெட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் அடுக்கியது. கேசட்டைத் திணித்தால் குகைக்குள்ளேயே படம் ஓடும். இருளாண்டிக்கு ஆபத்து உடனே விளங்கிவிட்டது. குகைக்குள் படம் ஓடினால் கூட்டத்துக்கு எந்த மிருகம் வரும்? 'வீட்டுக்குள் சினிமா, வீதியிலே அடிமை' என்று துண்டறிக்கை அடித்தது. கூம்பு ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் பதினோரு நாள் மறியல் நடத்தியது. பதினோராம் நாள் செந்நாய்ப் படை தடியோடு வந்தது. முதல் அடி விழுவதற்கு முன்பே ஓடியது மறியலில் கூட நின்ற நரி சிங்காரம். கடைசி அடி வரை நின்று வாங்கியது இருளாண்டி. மறுநாள் கரடி, பெட்டிகளை முன்வாசலிலிருந்து எடுத்துப் பின்வாசலில் வைத்து விற்றது. முன்வாசல் காலியானதைக் காடு வெற்றி என்று கொண்டாடியது. இருளாண்டியும் பின்வாசல் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது காட்டுச் சபை, தண்ணீர்த் துறை ஓரமாக ஒரு கல் நடப்போவதாக அறிவித்தது. 'பெட்டி எதிர்ப்புப் போரை நடத்தியவர்' என்று ஒரே ஒரு பெயர் வெட்டப்படும்.

செய்தியைக் கொண்டுவந்தது இருளாண்டியின் மனைவி செம்பாயி.

"கேட்டீங்களா? கல்லுல சிங்காரம் பேராம்."

"எந்தச் சிங்காரம்?"

"காட்டுல எத்தனை சிங்காரம் இருக்கு? வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடுச்சே, அதான்."

இருளாண்டியின் முட்கள் மொத்தமும் நட்டுக்கொண்டன. "நான் உசுரோட இருக்கும்போதேவா?"

"அதுதானே உங்க கோளாறு. செத்திருந்தா இரங்கல் கூட்டம் போட்டு உண்மையைச் சொல்லியிருப்பாங்க."

இருளாண்டி நேராகச் சபை எழுத்தரான ஆமையிடம் போனது. ஆமை படிவத்தை நான்கு பிரதிகளில் எடுத்து நீட்டியது.

"சாட்சி யாரு?"

"என்கூட நின்னதுங்கள்ல பாதி செத்துப்போச்சு. மீதி சிங்காரத்துக்கிட்ட வேலை பாக்குது."

"அப்ப ஆதாரம்?"

"கேசட் இருக்கு. மறியலை முழுசாப் படம் பிடிச்சு வச்சிருக்கோம்."

"பார்த்தீங்களா, நல்லா இருக்கா?"

"பார்த்ததில்ல. பெட்டியை எதிர்த்தவன் பெட்டியில பாக்கிறதா?"

"பின்ன எதுக்குப் படம் பிடிச்சீங்க?"

இருளாண்டி நான்கு பிரதிகளையும் வாங்கி மடித்துக்கொண்டது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டே சொன்னது: "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சபையில போட்டுக் காட்டுங்க. இல்லேன்னா கல்லுல சிங்காரம்."

சபையில் டிவி இருந்தது. தேர்தல் சமயத்தில் சிங்கம் வளைக்கு ஒன்று, சபைக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்தது. வன விடுதியிலிருந்து குரங்குகள் இழுத்துவந்த கம்பியில் அது ஓடியது. கேசட்டைப் போடும் பெட்டிதான் இல்லை.

இருளாண்டி வேண்டுமென்றே சுற்றி வளைத்து நடந்து, கரடிக் கடையின் பின்வாசலில் போய் நின்றது.

"முன்வாசலா வாங்க தோழரே," என்றது கரடி. "நீங்க காலி பண்ணிக் குடுத்த வாசல்தானே அது, கூச்சம் எதுக்கு?"

"கேசட் போடுற பெட்டி வேணும். ஒரு ஆராய்ச்சிக்கு."

"இப்ப எவன் கேசட் பெட்டி செய்யிறான்? எல்லாம் டிவிடிதான். ஒண்ணே ஒண்ணு மூலையில கிடக்கு." கரடி தூசியை ஊதிவிட்டு ஒரு பெட்டியை வைத்தது. "இந்தப் பக்கம் டிவிடி, அந்தப் பக்கம் கேசட். ரெண்டு வாய், ஒரே வயிறு."

"எனக்குக் கேசட் வாய் போதும். மத்ததைக் கழட்டிக்கோ."

"ஒட்டிப் பிறந்ததை அறுத்தா ரெண்டும் செத்துப்போகும், தோழரே."

இருளாண்டி யோசித்தது. கொள்கை ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். "சரி. அந்த டிவிடி வாயில கறுப்புத் துணி கட்டிக் குடு."

கரடி முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் கறுப்புத் துணி கட்டியது. பிறகு பெட்டிக்குப் பதிலாக என்ன தருவீர்கள் என்று கேட்டது. இருளாண்டியிடம் கிழங்கு இல்லை, தேன் இல்லை. கரடி கேட்டதும் அவை இல்லை.

"அந்தக் கூம்பு ஒலிபெருக்கி இருக்கில்ல? பதினோரு நாள் என்னைத் திட்டினது. அது குடுங்க போதும்."

"அது போராட்டச் சொத்து!"

"கல்லுல பேர் வந்தபிறகு கத்துறதுக்கு என்ன இருக்கு?"

இருளாண்டி வளைக்குப் போய் ஒலிபெருக்கியை எடுத்துவந்து, கரடியின் முகத்தைப் பார்க்காமல் வைத்தது. கரடி உத்தரவாத அட்டையை நிரப்பத் தொடங்கியது. பெயர், வளை, பொருள் எல்லாம் எழுதியபின் கேட்டது:

"உபயோகம்? வீட்டுக்கா, பொதுவுக்கா?"

உண்மையில் சபையில் காட்டி முடித்ததும் அது வீட்டுக்குத்தான் போகும். ஆனால் இருளாண்டி பிறந்ததிலிருந்து தனக்கென்று ஒரு பொருள் வாங்கியதாக ஒப்புக்கொண்டதில்லை. சொந்தச் செருப்பைக்கூட 'இயக்கத்தின் செருப்பு' என்றுதான் சொல்லும்.

"எனக்குன்னு நான் எதுவும் வாங்கினது கிடையாது. பொதுவுக்குன்னு எழுது."

கரடி எழுதியது. கீழே உருண்டையாக முத்திரை குத்தியது.

வளையில் செம்பாயி பெட்டியைத் தடவிப் பார்த்தது. "இருபது வருஷத்துக்கு முன்னாடியே கேட்டேன். அப்ப துண்டறிக்கை குடுத்தீங்க. சரி, வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் கறுப்புத் துணியை அவுத்துடுவோம். மான் வீட்டுல நிறைய டிவிடி இருக்கு." அட்டையைப் பத்திரமாக மடித்து எடுத்து வைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சபை நிரம்பி வழிந்தது. சிங்காரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. இருளாண்டி கேசட்டைத் திணித்தது. பெட்டி விழுங்கியது.

முதலில் நாதஸ்வரம் கேட்டது. பிறகு இரண்டு கைகள் கும்பிட்டன. 'நல்வரவு' என்ற எழுத்து சுழன்று வந்து நின்றது.

அந்தக் காலத்தில் காட்டில் வீடியோ எடுக்கத் தெரிந்தது ஒரே ஒரு குரங்குக்குத்தான், அதுவும் கல்யாண வீடியோ மட்டும்தான் எடுக்கும். அதற்குத் தெரிந்த வேலையை அது செய்திருந்தது.

ரோஜாப்பூ சூழ்ந்த இதயம் ஒன்று திரையில் விரிந்தது. அதற்குள் இருளாண்டி, 'ஒழிக' என்று வாய்பிளந்து கத்தியது. முகம் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு அருவியின் மேல் போய் உட்கார்ந்தது. இன்னொரு இதயத்தில் கரடி கோபமாக எட்டிப் பார்த்தது. இரண்டு இதயமும் பறந்து வந்து ஒட்டிக்கொண்டன.

"பொண்ணு யாரு, கரடியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு முயல் கேட்டது. சபை உருண்டு உருண்டு சிரித்தது.

செந்நாய்கள் வந்தன. ஒவ்வொரு அடிக்கும் திரையின் ஓரத்திலிருந்து பூ கொட்டியது. சிங்காரம் ஓடியது மெதுவாக, மிக மெதுவாக வந்தது. வால் காற்றில் அலைய, பின்னால் வயலின் ஒலிக்க, கதாநாயகன் போலவே ஓடியது. சபை கைதட்டியது.

பிறகு இருளாண்டி விழுந்தது. எழுந்தது. ஒலிபெருக்கியைத் தேடி எடுத்து மறுபடி வாயில் வைத்தது. மறுபடி விழுந்தது. குரங்குக்கு இந்த இடத்தில் என்ன பூ போடுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. ஒன்றும் போடாமல் விட்டிருந்தது. சபையில் யாரும் சிரிக்கவில்லை. திரையிலிருந்த முள்ளம்பன்றி மெலிந்து, சின்னதாக இருந்தது. தான் அவ்வளவு சின்னதாகவா இருந்தோம் என்று இருளாண்டி முன்னால் குனிந்து பார்த்தது.

"அந்த ஓடுற இடத்தை இன்னொரு தடவை போடுங்க!" என்றது ஒரு அணில்.

படம் முடிந்ததும் சிங்காரம் எழுந்து, "தோழர் இருளாண்டியைப் பத்தி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. நான் ஓடினது படையைத் திசைதிருப்ப," என்றது.

ஆமை கழுத்தை நீட்டியது. "நான் பார்த்தேன். இருளாண்டி நின்னார், சிங்காரம் ஓடினார். சந்தேகமே இல்ல."

இருளாண்டியின் முட்கள் மெல்ல விரிந்தன.

"ஆனா படத்துல முத்திரை எங்க?"

"என்ன முத்திரை?"

"சிங்காரம் செந்நாய்ப் படை குடுத்த சான்றிதழ் வச்சிருக்கார். மறியலுக்கு வந்திருந்தார், சொன்னதும் ஒழுங்கா கலைஞ்சு போனார்னு முத்திரையோட இருக்கு. நீங்க மறியல்ல இருந்ததுக்கு முத்திரை போட்ட காகிதம் ஏதாவது?"

"முதுகைக் காட்டுறேன், பாக்குறியா?"

"முதுகை ஃபைல்ல கோக்க முடியாது."

இருளாண்டி திணறுவதைப் பார்த்துச் செம்பாயிக்குப் பொறுக்கவில்லை. மடியிலிருந்து உத்தரவாத அட்டையை எடுத்து நீட்டியது. "இதுல முத்திரை இருக்குங்க!"

ஆமை அதை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தது. அதன் முகத்தில் முதல்முறையாக மரியாதை தெரிந்தது.

"இதை முதல்லயே குடுத்திருக்கலாமே?"

அடுத்த வாரம் கல் நடப்பட்டது. ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர் வெட்டியிருந்தார்கள். மேலே, 'பெட்டி எதிர்ப்புப் போரை நடத்தியவர்: சிங்காரம் அவர்கள்.' கீழே, 'பொதுமக்கள் பார்வைக்காகக் காட்டுக்குப் பெட்டியைக் கொண்டுவந்தவர்: இருளாண்டி அவர்கள்.' முத்திரையின்படி பெட்டி பொதுச்சொத்து என்பதால் சபையிலேயே நின்றுவிட்டது. கறுப்புத் துணியை அவிழ்த்து, நாள் முழுக்க டிவிடி ஓட்டினார்கள்.

"வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம வளையில ஓடியிருக்கும்," என்றது செம்பாயி. சொல்லிவிட்டு அதுவும் சபைக்குப் படம் பார்க்கப் போய்விட்டது.

இருளாண்டி கல்லை எதிர்த்துத் தண்ணீர்த் துறையில் தனியாகப் போராட்டம் தொடங்கியது. கூட்டம் வரவில்லை, எல்லாம் சபையில் இருந்தன. கூப்பிட ஒலிபெருக்கியும் இல்லை. அது கரடிக் கடையின் கூரையிலிருந்து ஆடித் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வந்த மான் ஒன்று, "கல்லுக்குக் காவலா தோழரே? பெட்டி அருமை," என்று சொல்லிவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் ஒரு காகம் கல்லின் மேல் உட்கார்ந்து, இரண்டு பெயர்களிலும் எச்சமிட்டுப் பறந்தது. இருளாண்டி நாலா பக்கமும் பார்த்தது. யாரும் இல்லை என்று உறுதியானதும் எழுந்து போய், தன் பெயரை மட்டும் வாலால் துடைத்தது.

நீதி: அடி வாங்கும்போது மறக்காமல் ரசீது கேட்டு வாங்கவும். ரசீது இல்லாத அடி, அடுத்தவன் முதுகில் விழுந்ததாகத்தான் கல்லில் ஏறும்.